எண்ணெய்க்குப் பட்டம் கிடையாது

காக்ஸ் டவுன் போகும் பஸ்ஸில் கணேசமூர்த்தி மடியில் ஒரு கம்பளிக் குல்லாயை வைத்து, அதை இரண்டு கைகளாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். குல்லாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை இருந்தது. குடுவைக்குள் ஒரு கரண்டி அளவுக்குப் பழுப்பு நிறத்தில் எண்ணெய் மாதிரி ஒன்று இருந்தது. அந்த ஒரு கரண்டியைச் செய்வதற்கு அவனுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து சீட்டில் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு ஸ்டாப் வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் முடியவில்லை.

"பூனக்குட்டியா?"

"இல்லம்மா, எண்ணெ."

"முடிக்கா?"

"இல்லம்மா. பி.எச்.டி.க்கு."

அந்த அம்மாள் கீரைக் கட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள். "அதுக்கும் எண்ணெ வந்துடுச்சா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு கையேடே அச்சடித்து வைத்திருந்தது. முதல் வருஷம் பாடங்கள் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். அப்புறம் ஐந்து பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து, எம்.எஸ்ஸி.யில் மறந்துபோனதை எல்லாம் கேட்பார்கள். அழாமல் வெளியே வர வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சில் வர வேண்டும். துறை முழுவதையும் கூட்டி வைத்து, செய்த வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு வருகிறவர்களுக்குச் சமோசா வாங்கித் தர வேண்டும் என்பது கையேட்டில் இல்லை என்றாலும் சமோசா இல்லாமல் யாரும் அந்தக் கட்டத்தைத் தாண்டியதில்லை. பிறகு ஆய்வேடு, வெளியூர்த் தேர்வாளர்கள், வாய்மொழித் தேர்வு. கணேசமூர்த்தி சமோசா வரைக்கும் எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டான். அவனுடைய ஜாதகத்தில் மாட்டிக்கொண்டது கையேட்டில் எங்குமே இல்லாத ஒரு விதி. அது அவனுடைய வழிகாட்டி கோவிந்தப்பா போட்ட விதி.

"எண்ணெய்க்கெல்லாம் பட்டம் கெடையாது மூர்த்தி" என்பார் கோவிந்தப்பா. கோலாரில் பிறந்த கன்னடக்காரர். கே.ஜி.எஃப். பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட தமிழ் அவருடையது. "படிகமா வரணும். எக்ஸ்ரே எடுக்கணும். அணு அணுவா படம் வரணும். அந்தப் படம் தீஸிஸ்ல மொதல் பக்கம் இருக்கணும். ஆமேலெ, அப்புறம்தான், நீ டாக்டர்."

விஷயம் இதுதான். கணேசமூர்த்தி இரண்டு துண்டுகளை ஒட்டி ஒரு புதுப் பொருளைச் செய்திருந்தான். இடப்பக்கத்துத் துண்டு கடையில் பாட்டிலில் கிடைப்பது. சேர்ந்த முதல் வாரமே வாங்கிவிட்டான். வலப்பக்கத்துத் துண்டைத்தான் அவன் ஆறு வருஷமாகக் கட்டினான், பன்னிரண்டு படியில், படிக்குப் படி பாதியைத் தொலைத்துக்கொண்டு. இரண்டையும் ஒட்டியதும் எண்ணெயாக நின்றுவிட்டது. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தால் அதற்குள் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க முடியாது. உறைந்து, கற்கண்டு மாதிரிக் கட்ட வேண்டும். அது கட்டவில்லை. கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தான். ஐஸில் வைத்துப் பார்த்தான். ஆயுத பூஜை அன்று ஜூனியர் கிரண் குடுவைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூசணிக்காய் கூட உடைத்தான். எண்ணெய் அசையவில்லை. கோவிந்தப்பாவுக்கு ஜூன் மாதம் ரிட்டையர்மெண்ட். அவர் போய்விட்டால் கணேசமூர்த்தியை எடுத்துக்கொள்ள வேறு யாரும் தயாராக இல்லை. பல்கலைக்கழகமும் இனி ஒரு நாள் கூட நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. ஜூனுக்குள் முடியாவிட்டால் ஏழு வருஷமும் போயே போய்விடும்.

கடைசியில் கோவிந்தப்பாதான் வழி சொன்னார். "நீ ரொம்ப பாக்கறே. ஆசையா பாத்தா வராது. லேப் ஃப்ரிட்ஜை நாள்பூரா தொறக்கறாங்க, ஒருத்தன் தண்ணி பாட்டில், இன்னொருத்தன் சித்ரான்னம். ஆடாத அசையாத எடத்துல வெச்சுட்டு மறந்துடு." வேதியியல்காரர்கள் வெளியே எவ்வளவு அறிவியல் பேசினாலும் படிகம் விஷயத்தில் மட்டும் எல்லோரும் மந்திரவாதிகள்தான். கணேசமூர்த்தியும் மறுபேச்சுப் பேசாமல் குல்லாயில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அவன் குடியிருந்தது மௌரீன் ஆன்ட்டி வீட்டின் பின்கட்டில். கேட்டைத் திறந்தாலே முன்வாசலில் இருந்து ஆன்ட்டியின் குரல் வரும்.

"என்ன மேன், டாக்டர் ஆயிட்டியா?"

"இல்ல ஆன்ட்டி."

"என் முட்டி வலிக்கு நீ பாப்பேன்னு நெனச்சேன், முட்டியே போயிடும் போலருக்கு."

அவன் பார்க்கப் போகும் டாக்டர் வேலை முட்டிக்கு உதவாது என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஆன்ட்டி மட்டுமில்லை, பால்காரர் கேட்டார், வாணியம்பாடியில் இருந்து மாமனார் போனில் கேட்டார், தெருமுனை அயர்ன்காரர் கூடச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: எப்போ முடியும்? இந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஜீவன் அவன் மனைவி வேதநாயகி. ஃப்ரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. கணேசமூர்த்திக்கு அதில் ரொம்பப் பெருமை. தன்னைப் புரிந்துகொண்டவள் என்று கிரணிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வான். புரிந்துகொண்டதனால்தான் கேட்கவில்லையா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஃப்ரிட்ஜில் குடுவையை வைப்பதற்காகத் தோசை மாவுப் பாத்திரம் வெளியே வந்தது.

"மாவு புளிச்சிடுங்க" என்றாள் வேதநாயகி.

"கொஞ்ச நாளைக்குத்தான். கதவ மெதுவா சாத்து. குடுவய ஆட்டாத. மூடியத் தொடவே தொடாத."

"நாத்தம் அடிக்குமா?"

"மூடி இருக்கற வரைக்கும் அடிக்காது."

"விஷமா?"

"அதெல்லாம் இல்ல. ஆனா அதுல கை வெச்சா என் உயிர்ல கை வெச்ச மாதிரி."

வேதநாயகி தலையை ஆட்டிவிட்டு மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறப்பது என்பது எவ்வளவு பெரிய வேலை என்று கணேசமூர்த்திக்கு அப்போதுதான் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் பக்கம் போகக் கூடாது என்பதற்காக வெயில் காலத்திலும் பானைத் தண்ணீர் குடித்தான். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மோர் கேட்டால் வேதநாயகிதான் எடுத்துவர வேண்டும். பகலெல்லாம் லேப்பில் உட்கார்ந்து மற்ற அத்தியாயங்களை எழுதினான். சாயங்காலம் லேட்டாகத்தான் வீட்டுக்கு வருவான். அவள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, அவன் வரும் வரைக்கும் வீட்டில் தனியாக இருப்பாள். இப்படியே மார்ச் மாதம் போயிற்று.

யுகாதிக்கு மறுநாள் காலையில் அவன் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வேதநாயகி சமையற்கட்டில் இருந்து சாதாரணமாகச் சொன்னாள். "என்னங்க, உங்க எண்ணெயில ஊசி ஊசியா என்னமோ நிக்குதே."

அவன் அரை முகத்துச் சோப்போடு ஓடினான். பழுப்பு எண்ணெய்க்கு நடுவில் வெள்ளை வெளேர் என்று ஊசிகள் நின்றன. மெலிந்த, பளபளக்கிற, ஒன்றோடொன்று சாய்ந்த ஊசிகள். கணேசமூர்த்தி திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். சத்தமாகவே அழுதான். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த மௌரீன் ஆன்ட்டி விஷயம் தெரிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, அப்போதே அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வேதநாயகி அவன் முகத்துச் சோப்பைத் துண்டால் துடைத்துவிட்டாள். அவள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அன்று கோவிந்தப்பா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். ஏழு வருஷத்தில் அது முதல் தடவை. கிரண் மைசூர் பாக் வாங்கிவந்தான். துறை முழுக்கப் பெட்டி சுற்றி வந்தது. இங்கேதான் அவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். புதிதாகப் படிகம் வந்தால் முதலில் அதில் ஒரு சிட்டிகை எடுத்து, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்க்க வேண்டும். எம்.எஸ்ஸி. முதல் வருஷத்துப் பிள்ளைகள் கூட அதைச் செய்யாமல் விடமாட்டார்கள். கிரண் அதைச் சொல்லவும் சொன்னான். கோவிந்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கறதே ஸ்வல்பம். அதெ உருக்கி பாக்கணுமா? எல்லாத்தையும் எக்ஸ்ரேக்கு அனுப்பு." அனுப்பினார்கள்.

எக்ஸ்ரே பார்ப்பவன் ஹரிஷ்குமார், பக்கத்துக் கட்டடம். எப்போதும் போன் செய்துதான் முடிவு சொல்வான். இந்தத் தடவை ஒரு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரில் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மிச்சமிருந்த மைசூர் பாக்கை நீட்டினால் எடுக்கவில்லை.

"மூர்த்தி, இத நீ எதுலேர்ந்து செய்ய ஆரம்பிச்ச?"

கணேசமூர்த்தி சொன்னான். ஹரிஷ்குமார் காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தான். அணு அணுவாகப் படம் வந்திருந்தது. அழகான படம். இடப்பக்கத்துத் துண்டு மட்டும் இருந்தது. வலப்பக்கத்தைக் காணோம்.

"இது அந்தப் பாட்டில்ல இருக்கறதுதானேடா" என்றான் ஹரிஷ்குமார் மெதுவாக. "இது கடையிலயே கெடைக்குமே."

கிரண் மைசூர் பாக் பெட்டியின் மூடியைச் சத்தம் வராமல் சாத்தினான். கணேசமூர்த்தி அலமாரியைப் பார்த்தான். சேர்ந்த முதல் வாரம் வாங்கிய பாட்டில் அங்கேதான் இருந்தது. ஏழு வருஷம் உழைத்து, ஏழு வருஷத்துக்கு முன்னால் கடையில் வாங்கியதை அவன் திரும்பச் செய்திருக்கிறான். சிரிப்பு வந்தது. சிரித்தால் நிறுத்த முடியாது என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கோவிந்தப்பா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்ததும் கணேசமூர்த்திக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஒட்டினது பிரிஞ்சிருக்கு" என்றார். "அமிலம் ஊத்தி கொதிக்க வெச்சா பிரியும், அது எல்லாருக்கும் தெரியும். ஃப்ரிட்ஜ் குளிர்ல தானா பிரியும்னு யாருக்கும் தெரியாது. ஜெர்மனில ஒருத்தன், ஜப்பான்ல ஒருத்தன், இதே எண்ணெயெ வெச்சுட்டு ஒக்காந்திருக்கான். ஏன் கட்டலேன்னு அவங்களுக்கும் தெரியாது. பொறந்த வீட்டுக்கு திரும்பி போறது, அதான் கட்டலே. எப்டி பிரிஞ்சதுன்னு சொல்ல முடிஞ்சா, அதே தீஸிஸ். நான் கையெழுத்து போடறேன்."

"நெஜமாவா சார்?"

"பிரியறதுக்கு தண்ணி வேணும். மூடி போட்ட குடுவைக்குள்ள தண்ணி எப்டி வந்தது? யாரு தொறந்தா?"

"யாரும் தொறக்கல சார்."

"தானா தொறக்காதுப்பா. வீட்ல கேளு."

அன்று அவன் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தான். வேதநாயகி பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததை எல்லாம் சொன்னான். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"நான்தான் தொறந்தேன்."

"ஒரு தடவையா?"

"தெனமும். ஸ்கூல் விட்டு வந்ததும்."

கணேசமூர்த்திக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. அவள் திறக்காமல் இருந்திருந்தால் எண்ணெய் இன்னும் எண்ணெயாகவே இருந்திருக்கும். "எவ்ளோ நேரம் தொறந்து வெப்ப?"

"பேசி முடிக்கற வரைக்கும்."

"யாருகிட்ட?"

"அதுகிட்டதான்."

அவன் அவளையே பார்த்தான். அவள் கூச்சமே இல்லாமல் சொன்னாள். "கிளாஸ்ல வாயே தொறக்காத பசங்க இருப்பாங்க. பக்கத்துல உக்காந்து கிட்ட குனிஞ்சு பேசுவேன். கொஞ்ச நாள்ல வழிக்கு வந்துடுவாங்க. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"என்ன பேசின?"

"அத ஏன் கேக்கறீங்க. அது எனக்கும் அதுக்கும் நடுவுல."

அவள் மறுபடி பேனாவைத் திறந்து அடுத்த பேப்பரை எடுத்தாள். கணேசமூர்த்திக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. தன்னிடம் இத்தனை வருஷம் ஒன்றும் கேட்காதவள் ஒரு கரண்டி எண்ணெயிடம் தினமும் பேசியிருக்கிறாள். அந்த எண்ணெய் மேல் அவனுக்குப் பொறாமையாகக் கூட இருந்தது.

மறுநாள் கோவிந்தப்பாவிடம் சொல்லும்போது அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தான். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வாய கிட்ட வெச்சு பேசினாங்களா? மூச்சு, மூர்த்தி. மூச்சுல தண்ணி இருக்கு, கார்பன் டை ஆக்ஸைடு இருக்கு. ரெண்டும் சேந்தா துளி அமிலம். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா. நமக்கு யாருக்கும் இது தோணலியே."

ஊசிகளை எடுத்தபின் மிஞ்சியிருந்த எண்ணெயைத் துளித் துளியாகப் பல குடுவைகளில் பிரித்து வைத்து, அன்றிலிருந்து லேப்பில் எல்லோரும் ஊதினார்கள். கணேசமூர்த்தி ஊதினான். கிரண் கன்னம் உப்ப ஊதினான். கோவிந்தப்பாவே கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தார். ஒரு குடுவை கலங்கிப்போயிற்று. மற்றவற்றில் எண்ணெய் எண்ணெயாகவே நின்றது. ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது. எவ்வளவு மூச்சு, எவ்வளவு கிட்டத்தில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ஊதுவதில் பிரயோஜனம் இல்லை என்று கோவிந்தப்பா கடைசியில் ஒத்துக்கொண்டார்.

"அவங்கள வர சொல்லு" என்றார்.

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். வேதநாயகி அங்கிருந்து நேராக வந்தாள், கையில் குடையும் புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூளுமாக. கோவிந்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார். ஏழு வருஷத்தில் அவர் தனக்காக ஒரு தடவை கூட எழுந்து நின்றதில்லை என்பது கணேசமூர்த்திக்கு நினைவுக்கு வந்தது. மேஜையைத் துடைத்து, புதுக் குடுவையில் எண்ணெய் வைத்திருந்தார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவி பக்கத்தில் இருந்தது. கிரண் கையில் ஸ்டாப் வாட்சோடு நின்றான். ஹரிஷ்குமார் வேடிக்கை பார்க்கவே வந்திருந்தான்.

"அம்மா, வீட்ல எப்டி பண்ணீங்களோ அப்டியே பண்ணுங்க" என்றார் கோவிந்தப்பா. "ஒண்ணும் மாத்தக் கூடாது. சரியா வந்தா நீங்க தெனமும் வரணும், பேஜார் பண்ணிக்காதீங்க."

வேதநாயகி குடுவையைப் பார்த்தாள். அதைச் சுற்றி நின்ற நான்கு ஆண்களையும் பார்த்தாள். "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க சார்."

"நாங்க வெளிய போயிட்டா எப்டிம்மா? சயன்ஸ்னா சாட்சி வேணும்."

"அப்ப திரும்பி நில்லுங்க."

கோவிந்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். அவர் மூக்குக்கு நேரே தனிம அட்டவணை தொங்கியது. கிரண் ஸ்டாப் வாட்சோடு திரும்பினான். ஹரிஷ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். கணேசமூர்த்தி மட்டும் நின்றுகொண்டே இருந்தான்.

"மூர்த்தி, நீனும்தான்" என்றார் கோவிந்தப்பா, சுவரைப் பார்த்தபடி.

அவன் அமிலப் பாட்டில்கள் இருந்த அலமாரியைப் பார்த்துத் திரும்பி நின்றான். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மூடி திறக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல். ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனிடம் பேசும் குரல், தாழ்ந்து, கோபமில்லாமல்.

"இங்க பாரு. அவசரம் ஒண்ணும் இல்ல. வந்தா வா, வரலன்னா வரலன்னு சொல்லிடு. அந்த மனுஷன் ரொம்பக் களச்சுப் போயிட்டாரு. ராத்திரில தூக்கத்துல கூட உன்னத்தான் சுரண்டறாரு. எனக்குப் பட்டம் கிட்டம் ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு ஞாயித்துக்கிழம அவரு என்கூட உக்காந்து வேற எதயாவது பத்திப் பேசணும். மழயப் பத்தி, எங்க ஸ்கூலப் பத்தி, எதுன்னாலும் சரி. அதுக்கு நீ மனசு வெக்கணும்."

ஹரிஷ்குமாரின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "கிரண், டைம் நோட் பண்ணு" என்று கோவிந்தப்பா கிசுகிசுத்தார். கிரண் பக்கத்திலிருந்து ஸ்டாப் வாட்ச் அழுத்தும் சத்தமே கேட்கவில்லை. கோவிந்தப்பாவும் மறுபடி சொல்லவில்லை.

கணேசமூர்த்தி திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவன் கண்ணுக்கு நேரே இருந்த பழுப்புப் பாட்டிலின் வயிற்றில் அவள் தெரிந்தாள், சின்னதாக, வளைந்து. மூடியை இடது கையில் வைத்துக்கொண்டு, குடுவை மேல் குனிந்து, அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.